மொராக்கோ அரையிறுதிக்கு வந்தது ஆட்டத்தாலா, அதிர்ஷ்டத்தாலா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

2022 உலகக் கோப்பையில் மொராக்கோ நான்காம் இடம் பெற்றதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் எல்லைப்புறத் தமிழர்கள் உருகிவிடுகிறார்கள். அந்த உருக்கத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஏழு ஆட்டங்களில் அந்த அணி அடித்தவை மொத்தம் ஆறே கோல்கள். குரோஷியாவுடனான முதல் ஆட்டத்தில் கோல் இல்லை. ஸ்பெயினுடன் 120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை, பெனால்டியில்தான் கரையேறினார்கள். போர்ச்சுகலை ஒரே ஒரு தலையடியால் வென்றார்கள். ஸ்பெயின் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் சரபியா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அது சற்று உள்ளே திரும்பியிருந்தால் இன்று இந்த இழையே இருந்திருக்காது.

இன்னொன்று. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கீமி மாட்ரிட்டில் பிறந்தவர், ஸியெச்சும் அம்ராபத்தும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள், கோல்கீப்பர் பூனு கனடாவின் மொன்ட்ரியலில் பிறந்தவர். ஐரோப்பியப் பயிற்சிக்கூடங்களில் வளர்ந்து, பெரிய கிளப்புகளில் ஆடுகிறவர்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, "ஏழை அணி எழுந்து நின்றது" என்று கதை சொல்வது எந்த வகையில் நியாயம்? எங்கள் பக்கத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அழைத்துவரும் கிளப்பை யாரும் எளிய கிளப் என்று சொல்வதில்லை.

மூணாறு இடதுகால்:

அண்ணன் சொன்ன கணக்குகள் சரி. அவற்றிலிருந்து வந்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. அடித்த ஆறு கோல்களை எண்ணியவர் வாங்கியதை ஏன் எண்ணவில்லை? அரையிறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் மொராக்கோவின் வலைக்குள் போனது ஒரே பந்து. அதுவும் கனடாவுக்கு எதிராக மொராக்கோ தடுப்பாட்டக்காரர் அகெர்தின் காலில் பட்டுப் போன சொந்தக் கோல். பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய மூன்று நாட்டு ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட அந்த வலையைத் தொடவில்லை. இத்தனைக்கும் பெல்ஜியம் ஆட்டத்தன்று பூனு நாட்டுப்பண்ணுக்கு அணியோடு நின்றுவிட்டு, உடல்நிலை சரியில்லாமல் வெளியேறினார்; விசில் ஊதும் நேரத்தில் மாற்று கோல்கீப்பர் முனீர் நிறுத்தப்பட்டார். அந்த ஆட்டத்திலும் கோல் விடவில்லை. ஒரு தனிமனிதரின் கைகளால் மட்டும் நடந்தது என்றும் ஆகவே சொல்ல முடியாது.

ஸ்பெயின் ஆட்டத்தை நடுகளத்தை மட்டும் கவனித்து மறுபடியும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்பெயினின் இரண்டு மையத் தடுப்பாட்டக்காரர்களையும் மொராக்கோ விரட்டவே இல்லை. பந்தை அவர்களிடமே விட்டுவைத்தது. முன்களத்தில் தனியாக நின்ற என்-நெசிரி பந்தைத் துரத்தாமல் புஸ்கெட்ஸின் நிழலாகவே திரிந்தார், ஏனென்றால் ஸ்பெயினின் ஆட்டம் தொடங்குவது அவர் காலில். என்-நெசிரிக்குப் பின்னால் மொராக்கோவின் நடுகளக்காரர்கள் எங்கள் மலையில் கொழுந்தெடுப்பவர்கள் நிரை பிடித்து நகர்வதைப் போல, ஒருவர் நகர்ந்தால் அடுத்தவரும் அதே அளவு நகர்ந்து, இடைவெளி விடாமல் இடமும் வலமும் போய்வந்தார்கள். அதையும் மீறி வந்ததை அம்ராபத் துடைத்தெடுத்தார். ஆயிரம் பாஸ்களை ஒட்டி ஆடிய ஸ்பெயினால் பூனுவைப் பெரிய சோதனைக்கு உள்ளாக்க முடியவில்லை என்றால் அது தற்செயல் அல்ல. செவன்ஸில் ஆஃப்சைடும் கிடையாது, மைதானமும் சிறிது, அங்கே கோல் மழை பொழியும். அந்த ருசியில் வளர்ந்த கண்ணுக்கு இது வெறும் நிற்றலாகத் தெரிவதில் எனக்கு வியப்பில்லை.

பிறப்பிடத்துக்கு வருகிறேன். போர்ச்சுகலை வீழ்த்திய 42ஆம் நிமிடக் கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் யஹ்யா அத்தியத்-அல்லா, அப்போது காசாபிளாங்காவின் விதாத் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்; இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் மஸ்ராவி காயத்தால் ஆடாததால் கிடைத்த இடம் அது. துள்ளியெழுந்து தலையால் அடித்தவர் ஃபெஸ் நகரில் பிறந்த என்-நெசிரி. அந்த என்-நெசிரியும் அகெர்தும் நடுகளத்தில் மின்னிய ஊனாஹியும், ராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆறாம் முகம்மது கால்பந்துப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். கூலிக்கு அழைத்துவந்த ஆட்டக்காரர் ஊதியம் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வேறு கிளப்புக்குப் போவார். ஹக்கீமி ஸ்பெயினுக்கு ஆடியிருக்கலாம், ஸியெச் நெதர்லாந்துக்கு ஆடியிருக்கலாம். பெற்றோரின் நாட்டைத் தேர்ந்தார்கள். தேனிப் பக்கத்துப் போடி, கம்பம் ஊர்களிலிருந்து மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய எங்களிடம், பிறந்த ஊரை வைத்து யார் எந்த மண்ணுக்குரியவர் என்று முடிவுகட்டச் சொல்லாதீர்கள்.

செங்கோட்டை ரயிலடி:

இருவருக்கும் நடுவில் ஒரு தகவலைப் போட்டுவிட்டுப் போகிறேன். ஆப்பிரிக்க அணிகளில் 1990இல் கேமரூன், 2002இல் செனகல், 2010இல் கானா ஆகியவை காலிறுதி வரை வந்து நின்றன. 2014இல் கோஸ்டா ரிக்கா என்ற மத்திய அமெரிக்க அணி, உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என்று மூன்று முன்னாள் சாம்பியன்கள் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தது. காலிறுதியில் நெதர்லாந்திடம் பெனால்டியில்தான் தோற்றது. இவை எல்லாவற்றிலும் அதிர்ஷ்டம் கலந்தே இருக்கிறது. ஏன், நம் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோது, முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே முன்னேறியது. அதற்காக நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களை யாரும் கழித்துவிடுவதில்லையே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

கழிக்கவில்லை ஐயா. ஆனால் 1956ஐச் சொல்லிச் சொல்லியே நாம் அடுத்த அறுபது ஆண்டுகளைக் கழித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மாத ஓட்டம் ஒரு நாட்டின் கால்பந்துக்கு அளவுகோல் ஆகாது என்பதே என் வாதம். அதே மொராக்கோ, ஏறக்குறைய அதே அணியோடு, 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையின் நாக் அவுட் சுற்றில் தென்னாப்பிரிக்காவிடம் 2-0 என்று தோற்று வெளியேறியது. ஹக்கீமி ஒரு பெனால்டியையும் தவறவிட்டார். பெரிய அணி பந்தை வைத்துக்கொண்டு ஏறிவரும்போது பதுங்கியிருந்து பாய்வது ஒன்று, தானே பந்தை வைத்துக்கொண்டு எதிரணியைப் பிளப்பது வேறொன்று. இரண்டாவதில் அவர்கள் தடுமாறுவதை பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியே காட்டிவிட்டது. ஐந்தாம் நிமிடத்தில் தியோ ஹெர்னாண்டஸ் கோல் அடித்த பிறகு பந்து பெரும்பாலும் மொராக்கோவிடம்தான் இருந்தது, கோல்தான் வரவில்லை.

மூணாறு இடதுகால்:

அந்த அரையிறுதியில் யார் ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் எப்படி அண்ணா? அகெர்தின் பெயர் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு அவரால் முடியாமல் விலகினார். போர்ச்சுகல் ஆட்டத்தில் தூக்குப்படுக்கையில் வெளியேறிய கேப்டன் சயிஸ், முழுதும் குணமாகாத காலோடு இறங்கி, 21ஆம் நிமிடத்தில் வெளியே வந்தார். மஸ்ராவியால் இடைவேளைக்கு மேல் ஆட முடியவில்லை. ஐந்து ஆட்டங்களாகக் கோட்டையாக நின்ற தடுப்பு வரிசையில் அந்த இரவு முழுதாக மிஞ்சியவர் ஹக்கீமி ஒருவரே. அந்த நிலையிலும் இடைவேளைக்குச் சற்று முன்னால், கோல் பக்கம் முதுகைக் காட்டி நின்ற எல் யாமிக், தலைக்கு மேலாகக் காலைச் சுழற்றி அடித்த பந்து கம்பத்தில் பட்டது. சரபியாவின் கம்பத்தை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதியவர் இந்தக் கம்பத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளர் ரெக்ராகி பொறுப்பேற்றது 2022 ஆகஸ்டு இறுதியில். உலகக் கோப்பைக்கு மூன்று மாதங்கள்கூட முழுதாக இல்லை. முந்தைய பயிற்சியாளரோடு மனக்கசப்பில் நாட்டு அணியே வேண்டாம் என்று விலகியிருந்த ஸியெச்சைத் திரும்ப அழைத்துவந்து, அவரைத் தன் பாதிக்குள் ஓடிவந்து தடுக்கவும் வைத்தவர் அவர். எங்கள் மூணாறில் பின்லே கோப்பைக்காக எஸ்டேட் அணிகள் மோதுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்களத்தில் பெயரெடுத்த ஒருவனைத் தடுப்புக்கு இறங்கிவரச் செய்வது எவ்வளவு கடினம் என்பது. தென்னாப்பிரிக்காவிடம் தோற்றதை மறுக்கவில்லை; ஆனால் அதே நாடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2025இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 2-0 என்று வென்று பட்டமும் பெற்றிருக்கிறது. ஒரு மாத ஓட்டம் இப்படி நீளாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

காயங்களை ஏற்கிறேன், இளையோர் பட்டத்தையும் ஏற்கிறேன், அது உண்மையான வேலை. ஆனால் உலகக் கோப்பை என்பது 26 பேரின் போட்டி. பிரான்ஸிலும் காயம் பட்டவர்கள் இருந்தார்கள்; பென்செமாவே ஆடவில்லை. அப்படியிருந்தும் 79ஆம் நிமிடத்தில், உள்ளே வந்து ஒரு நிமிடம்கூட ஆகாத கோலோ முவானி, தன் முதல் தொடுதலிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தார். பெஞ்சில் அப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதுதான் பெரிய அணி. மொராக்கோவில் மூன்று பேர் விழுந்ததும் சுவரே சரிந்தது.

மூணாறு இடதுகால்:

அண்ணன் முதல் பதிவில் இந்த அணியை எளிய அணி என்று சொல்லவே கூடாது என்றார். இப்போது மூன்று பேர் விழுந்தால் ஈடுகட்ட ஆளில்லாத அணி என்கிறார். இரண்டில் எது என்று அவரே முடிவு செய்யட்டும். இரண்டாவதுதான் என்றால், அப்படிப்பட்ட ஓர் அணி ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வீட்டுக்கு அனுப்பியது எப்படி என்ற கேள்விக்குக் கம்பத்தைத் தவிர வேறொரு பதிலையும் அவர் எழுத வேண்டியிருக்கும்.