நிகரக் கதிர்வீச்சு மானி: விடியற்காலையில் ஏன் பூஜ்யத்துக்கு வருகிறது?

கேள்வி:
காரைக்குடி பக்கம், கண்மாய்ப் பாசன வயலில் இந்த மானியை வைத்திருக்கிறேன்; மேலிருந்து வரும் கதிர்வீச்சில் கீழிருந்து போவதைக் கழித்து மிச்சத்தைக் காட்டும் கருவி. நெல் எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறது என்று கணக்கிடத்தான். பிளாஸ்டிக் குமிழ் மூடிய பழைய வகை. மேகமில்லாத இரவில் சதுர மீட்டருக்கு மைனஸ் 50 வாட் போலக் காட்டுவது, மார்கழி பிறந்ததிலிருந்து விடியும் நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடுகிறது. இன்று ஆறரைக்குப் போய்ப் பார்த்தேன், மேல் குமிழ் முழுக்க முத்து முத்தாய்ப் பனி. ஒரு மாசத் தரவும் வீணா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்:
பனிதான் தம்பி. குமிழின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் நெட்டலைக் கதிரை, அதாவது வானமும் தரையும் விடும் வெப்பக் கதிரை, உள்ளே விடும், தண்ணீர் விடாது. அப்போது மானி வானத்தைப் பார்ப்பதில்லை, தலைமேல் நிற்கும் துளியைத்தான் பார்க்கிறது. பனி படிந்திருந்த மணிநேரங்களின் தரவை மட்டும் விலக்கிவிடுங்கள். மானிக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் என்ன நிறம்?

கேள்வி கேட்டவர்:
நீலம் போய் இளஞ்சிவப்பாகிவிட்டது அண்ணே. குமிழில் செம்மண் தூசி வேறு. வேட்டித் துணியால் துடைத்தேன்.

பதில்:
ஐயோ, துணி வேண்டாம், கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மெல்லிய தூரிகையால் தொட்டால் போதும். ஜெல்லை உடனே மாற்றுங்கள்.

இன்னொருவர்:
அப்புறம், மானி கம்பத்துக்குத் தெற்கே இருக்கிறதா? நம் ஊர் 10 பாகை அட்சரேகை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். கம்பத்தின் தலை மானியைவிட உயர்ந்திருந்தால் நண்பகலில் நிழல் படும்.

கேள்வி கேட்டவர்:
உயர்ந்துதான் இருக்கிறது. நாளைக் காலையில் மானியை நகர்த்தி வைக்க ரசமட்டத்தோடு போகிறேன்.