ஏலத்தில் எடுத்த பழைய ரேஸ் கார்ட்: எந்தக் கம்பெனி, எந்த வருடம்?

ஒஹையோவாசி:
வணக்கம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு பக்கம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் இந்தக் கார்ட்டை (ஒருவர் ஓட்டும் குட்டிப் பந்தய வண்டி) எடுத்தேன். பாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய் ஃபிரேம், கிழிந்த சிவப்பு ரெக்ஸின் சீட், பின்னால் 1 அங்குல ஆக்ஸில், அதில் ஒரு டிரம் பிரேக். இன்ஜின் தட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் இடது பக்கம் மட்டும்தான் இன்ஜின், அதன் தகட்டில் வெஸ்ட் பெண்ட் 820 என்று கம்பெனியும் மாடலும் போட்டிருக்கிறது. விற்றவர் "1957 மாடல், கோ கார்ட் கம்பெனி ஒரிஜினல்" என்று அடித்துச் சொன்னார். ஃபிரேமில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. வார இறுதியில் பெயின்டை உரித்து பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா?

ரெஞ்ச்மணி:
தயவுசெய்து உரிக்காதீர்கள்! பழைய ரேஸ் நம்பர், கிளப் ஸ்டிக்கர், முதல் கலர் எல்லாம் அந்தப் பெயின்டுக்கு அடியில்தான் இருக்கும், கம்பெனியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1957 கதையை நான் நம்பவில்லை. ஆர்ட் இங்கல்ஸ் கலிஃபோர்னியாவில் முதல் கார்ட்டைச் செய்ததே 1956-ல், அப்போது அவர் இண்டியானபொலிஸ் ரேஸ் கார் கட்டும் கர்டிஸ் கிராஃப்டில் வேலை பார்த்தார். அதைப் பார்த்துத்தான் அசூசாவில் கோ கார்ட் கம்பெனி வந்தது. துருப்பிடித்த கார்ட் எதைக் கண்டாலும் விற்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ரப் கம்பெனி. மிக்கி ரப் மான்ஸ்ஃபீல்டில்தான் டார்ட் கார்ட் தயாரித்தார் (அதே மனிதர் 1965 இண்டி 500 கார் ரேஸில் ஓட்டி ஆறாவதாக வந்தார்). ஆனால் ஊர் ஒன்றாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

செயின்சா சேகர்:
இன்ஜின் வயதையும் ஃபிரேம் வயதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெஸ்ட் பெண்டின் இன்ஜின் பிரிவை 1965-ல் கார் கம்பெனியான கிரைஸ்லர் வாங்கியது, அதற்கப்புறம் அதே 820 கிரைஸ்லர் பெயரில் வந்தது. அதனால் உங்கள் இன்ஜின் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபிரேம்? அது வேறு கதை. அந்தக் காலத்தில் சீசனுக்கு ஒரு இன்ஜின் மாற்றினவர்கள் உண்டு. வலது தட்டில் போல்ட் உரசிய தடம் இருந்தால் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து இடது தட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் முதலில் வேறு இன்ஜின் ஓடியிருக்கிறது. 1959-ல் வந்த மெக்கல்லக் எம்.சி.-10 இன்ஜின் பக்கத்துக்கு ஒன்றாக ஜோடியாகக்கூட இருந்திருக்கலாம், மெக்கல்லக் என்பது மரம் அறுக்கும் செயின்சா செய்த கம்பெனிதான்.

இன்னொன்று, மெக்கல்லக் எங்காவது கிடைத்தால் துரு எடுக்க வினிகரில் ஊறப் போட்டுவிடாதீர்கள். கிரேங்க் கேஸ் (இன்ஜினின் அடி உறை) மெக்னீசியமாக இருந்தால் அமிலம் அரித்துத் தின்றுவிடும்.

குழாய்வளைப்பான்:
சீட், வீல், ஸ்டீயரிங் இதையெல்லாம் வைத்து முடிவுக்கு வராதீர்கள், அறுபது வருடத்தில் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாறாதது குழாயின் வளைவும் முன்சக்கர அச்சைத் தாங்கும் ஸ்பிண்டில் பிராக்கெட்டும்தான். முன்சக்கர மையத்திலிருந்து பின் ஆக்ஸில் மையம் வரை அளவு, குழாயின் வெளிவிட்டம், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் ஊசி) சாய்வு, இணைப்பு வெல்டிங்கா பித்தளை உருக்கி ஒட்டும் பிரேஸிங்கா, இவ்வளவும் எழுதிக்கொண்டு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பல் இடைவெளியையும் பாருங்கள். 3/8 அங்குலம் என்றால் பழைய 35-ஆம் நம்பர் செயின், அதைவிடக் குறுகலான 219-ஆம் நம்பர் செயினுக்கு உரியது என்றால் பிற்காலத்தில் யாரோ மாற்றியது. அப்புறம் கூகுள் புக்ஸில் பாப்புலர் மெக்கானிக்ஸ் பழைய இதழ்கள் இருக்கின்றன, 1959 முதல் 1962 வரை உள்ளவற்றில் கார்ட் விளம்பரங்களை மட்டும் புரட்டுங்கள். அதோடு, அன்றைக்குக் கார்ட்டை நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள், வீட்டிலேயே காப்பி அடித்துக் கட்டினவர்களும் நிறைய. பெயரே இல்லாத ஃபிரேமாக இருந்தாலும் மனம் விட்டுவிடாதீர்கள், ஓட்டுவதற்கு அது போதும்.

ஒஹையோவாசி:
எல்லோருக்கும் நன்றி. பவுடர் கோட்டிங் ரத்து. இப்போதுதான் சீட்டைக் கழற்றினேன், கறுப்புக்கு அடியில் நீலம் தெரிகிறது. முன் குறுக்குக் குழாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. ரிவெட் அடித்த இடமா?

குழாய்வளைப்பான்:
கம்பெனிப் பெயர்த் தகடு இருந்த இடமாக இருக்கலாம். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று போடுங்கள், தகடு இன்னும் ஒட்டியிருக்கும் கார்ட் வைத்திருக்கும் நண்பரிடம் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.