கோபத்தின் தேன் நுனி

கோபத்தை விடு, விடு என்பவர்கள் அது இனிக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. புத்தர் மறைக்காமல் சொன்னார். எதைக் கொன்றால் சுகமாக உறங்கலாம் என்று ஒரு தேவதை கேட்க, வேரில் நஞ்சும் நுனியில் தேனும் கொண்ட கோபத்தை என்கிறார். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் வருகிறது.

நான் செய்த வேலையைத் தன்னுடையதாகக் காட்டி ஒருவர் பாராட்டு வாங்கிக்கொண்டார். இரவு படுத்தபடியே அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஒரு வரி. அவர் திணறுகிறார். அப்புறம் அதைவிடக் கூர்மையாக இன்னொன்று. சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, தாடை இறுகிக் கிடக்கிறது, ஆனாலும் நிறுத்த மனசே இல்லை. தேன் என்றது இதைத்தான்.

மனக்காழ்ப்பு தீர அங்குத்தர நிகாயம் ஐந்து வழி சொல்கிறது: அந்த ஆள்மேல் மைத்திரி (நலம் விரும்பும் நட்புணர்வு), கருணை, உபேட்சை (விருப்பு வெறுப்பற்ற சமநிலை), அவரை நினையாமல் கவனத்தை விலக்குவது, அவரவர் வினைக்கு அவரவரே பொறுப்பு என்று எண்ணுவது. எல்லோரும் மைத்திரியில் தொடங்கச் சொல்வார்கள். கொதிக்கிற நேரத்தில் ‘அவர் நலமாக இருக்கட்டும்’ என்றால் எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருகிறது. நாலாவதுதான் கைகொடுத்தது. வசனம் கிளம்பும்போதே ‘ஒத்திகை’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கவனத்தைத் தாடைக்குக் கொண்டுபோவேன். தாடை தளர்ந்தால் அடுத்த வசனம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மைத்திரி பிறகு வந்தது, அதுவும் அரைகுறையாக.

---

அது சரி, அவர் பாட்டுக்குப் பாராட்டை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவதா? தியானம் செய்கிறவர் கோபப்படலாமா என்று கேட்டே என் வாயை அடைத்தவர்கள் உண்டு. வெளியே அமைதி, உள்ளே உலை.

மஜ்ஜிம நிகாயத்தில் வேதேகிகை கதை இருக்கிறதே. சாவத்தி நகரத்தில் அந்த அம்மாவுக்குப் பரம சாந்தம் என்று பேர். பணிப்பெண் காளி சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே தாமதமாக எழுகிறாள். முதல் நாள் முகச்சுளிப்பு, மறுநாள் வசவு, மூன்றாம் நாள் தாழ்ப்பாள் கட்டையாலேயே காளியின் மண்டை உடைகிறது. சீண்டாதவரை யாரும் சாந்தம்தான் என்பது புத்தர் சொல்லவந்தது. (எனக்கென்னவோ கதையைப் படிக்கும்போதெல்லாம் காளிமேல்தான் மனசு போகிறது.)

---

விட்டுவிடவில்லை, போய்ப் பேசினேன். ஒருவரைக் கண்டிக்கும் முன் பிக்கு பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று ஐந்து உண்டு: உரிய நேரமா, உண்மையா, மென்மையான பேச்சா, பயன் உண்டா, நல்லெண்ணத்தோடா. ராத்திரி தயாரித்த வசனங்களை இதில் வைத்துப் பார்த்தேன். பலதும் உண்மைதான், மென்மையில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் தனியாகப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: “அறிக்கையின் இரண்டாம் பகுதி நான் எழுதியது. அடுத்த தடவை என் பெயரையும் போடுங்கள்.”

சரி என்றார், வேண்டாவெறுப்பாகத்தான். அவர் மனம் மாறியதாகவெல்லாம் தெரியவில்லை. அடுத்த அறிக்கையில் பெயர் இருந்தது.