பார்தெல் மதிப்பெண் இருக்கும்போது ஐசிஎஃப் குறியீடு எதற்கு?

வார்டுபிசியோ:
பக்கவாத வார்டில் வேலை செய்கிறேன். இனிமேல் நோயாளியின் செயல்நிலையை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிஎஃப் வகைப்பாட்டில்தான் எழுத வேண்டும் என்று எங்கள் குழுவில் முடிவாகியிருக்கிறது. நோய்க்கு ஐசிடி குறியீடு இருக்கிறது, அன்றாட வேலைகளுக்கு பார்தெல் மதிப்பெண் போடுகிறோம். இதற்கு மேல் பி730 (தசை வலிமை), டி450 (நடப்பது) என்று எழுதினால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? 1,400-க்கும் மேற்பட்ட வகைகள் என்றாலே மலைப்பாக இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

மறுவாழ்வுக்குழு:
ஐசிடி என்ன நோய் என்று சொல்கிறது, அந்த ஆளால் என்ன முடிகிறது என்று சொல்வதில்லை. ஒரே பக்கவாதம் வந்த இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குத் திரும்புகிறார், இன்னொருவர் வாசலைத் தாண்டுவதில்லை. பார்தெல் நல்ல அளவுகோல்தான், ஆனால் அதில் இருப்பது 10 விஷயங்கள். பேச்சு இல்லை, வேலை இல்லை, வெளியே போய் வருவது இல்லை. 100-க்கு 100 வாங்கியவரும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை ஐசிஎஃப்பின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: தன் சூழலில் அவர் என்ன செய்கிறார் என்பதையும், சீரான சூழலில் உதவியில்லாமல் என்ன செய்ய முடியும் என்பதையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறது. டி460 என்பது பல இடங்களுக்கு நடமாடுவது. டி460.31 என்று எழுதியிருந்தால், புள்ளிக்குப் பின் முதல் எண் நடைமுறை (கடும் சிரமம்), இரண்டாவது திறன் (லேசான சிரமம்). உடம்பு ஓரளவு தயார், ஆனால் ஆள் வெளியே போவதில்லை. அப்போது காலுக்கு இன்னும் பத்து பயிற்சி கொடுப்பதில் அர்த்தமில்லை, தடை எங்கே என்று தேட வேண்டும். அதற்குத்தான் சூழலைக் குறிக்கும் இ வரிசை. அதில் புள்ளி போட்டால் தடை, + போட்டால் துணை. வீட்டுப் படிக்கட்டு தடையென்றால் இ155.3, குடும்பத்தார் பக்கபலமாக இருந்தால் இ310+3.

இரவுப்பணி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இ410-ஐ மறக்காதீர்கள். குடும்பத்தாரின் மனப்பான்மை. அன்பாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் எழுந்திருக்கவே விடமாட்டார்கள். செவிலியர் குறிப்பில் இது வாக்கியமாக எங்கோ இருக்கும், யாரும் படிப்பதில்லை. குறியீடாக வந்தால் டிஸ்சார்ஜுக்கு முன் குடும்பத்தோடு பேச வேண்டும் என்று எல்லோர் கண்ணிலும் படும்.

1,400-ஐ நினைத்துப் பயப்பட வேண்டாம். பக்கவாதத்துக்கென்றே கோர் செட் (முக்கியமான வகைகளை மட்டும் பொறுக்கிய பட்டியல்) இருக்கிறது, அதன் சுருக்க வடிவத்தில் 18 வகைகள்தான்.

அளவுகோல்:
எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. வகைப்பாடு என்பது அளக்கும் கருவி இல்லை. 0 (சிரமம் இல்லை) முதல் 4 (முழுச் சிரமம்) வரை தரம் போடும்போது 2-க்கும் 3-க்கும் இடையே இரண்டு பேர் ஒத்துப்போவதே கஷ்டம். அதனால் பார்தெலை விட்டுவிடாதீர்கள். முதலில் அதையும், நடை வேகம் போன்ற சோதனைகளையும் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் அதை வைத்துக் குறியீட்டின் தரத்தைப் போடுங்கள். நோயாளியே சொல்ல வேண்டிய பகுதிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 வினாத்தாள் இருக்கிறது. 12 கேள்வி வடிவம் வார்டுக்குப் போதும்.

வார்டுபிசியோ:
சரி, இப்போது பிடிபடுகிறது. நாங்கள் பார்க்காத ஒன்றுக்கு என்ன போடுவது? சிலர் 0 போட்டுவிடுகிறார்கள்.

மறுவாழ்வுக்குழு:
கூடவே கூடாது. 0 என்றால் சிரமமே இல்லை என்று அர்த்தம், அடுத்து பார்ப்பவர் அதை நம்பி விட்டுவிடுவார். தகவல் போதவில்லை என்றால் 8, அவருக்குப் பொருந்தவே பொருந்தாது என்றால் 9.