மெமரி கார்டு: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தம் நிழற்படக்காரர்:
வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை ஆண்டுதோறும் எடுக்கிறேன். அந்த நெரிசலில் கார்டு மாற்றக் கையைக்கூடத் தூக்க முடியாது. சென்ற முறை என்னோடு வந்த தம்பி 128 ஜிபி கார்டு போட்டிருந்தார். முகப்பில் 100 எம்பி என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஆனாலும் 4கே வீடியோ பாதியிலேயே தானாக நின்றுவிட்டது. அந்த 100, படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு உறுதி தருவது மூலையில் இருக்கும் சின்னக் குறிதான். வகுப்பு 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட். வி30 என்றால் 30. அவருடைய கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது; எட்டு பிட் ஒரு பைட், அதாவது 12.5 மெகாபைட். வகுப்பு 10-இன் உறுதி அதற்கு எட்டாது, வி30 தாராளம். வி90 வாங்கச் சொல்வார்கள், இந்த வேலைக்கு அது வீண் செலவு. அந்தப் பணத்தில் இரண்டாவது கார்டு வாங்கி, இரண்டு துளைகளிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். சிரசு தெருமுனையில் திரும்பும் அந்த நொடி மறுபடி வராது.

சத்துவாச்சாரி, கேமரா பொருத்துபவர்:
அண்ணா, எங்கள் தொழிலில் வேகம் பெரிதில்லை, உழைப்புதான் பெரிது. லாங்கு பஜாரில் ஒரு கடையின் வைஃபை கேமராவுக்குச் சாதாரண மைக்ரோ எஸ்டி போட்டிருந்தார்கள். இரவு பகலாக அழித்து அழித்து எழுதினால், கார்டுக்குள் தகவலைத் தாங்கும் ஃபிளாஷ் செல்கள் தேய்ந்துபோகும். கடைசியில் அந்தக் கார்டு விசித்திரமாக நடந்துகொண்டது: ஃபார்மேட் செய்தால் முடிந்தது என்று காட்டும், கழற்றி மாட்டினால் பழைய வீடியோக்கள் அப்படியே இருக்கும். ஆயுள் முடிந்த கார்டு சில நேரம் படிக்க மட்டும் அனுமதித்துத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். கடைக்காரரோ வைரஸ் என்றே நினைத்திருந்தார். இடைவிடாத பதிவுக்கென்றே 'ஹை எண்டூரன்ஸ்', அதாவது அதிக உழைப்பைத் தாங்கும் கார்டுகள் விற்கின்றன. நான்கைந்து கேமராக்கள் என்றால் கார்டே வேண்டாம், டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியும் ஹார்டு டிஸ்க்கும்தான் சரி. தகரக் கூரைக்கு அடியில் மட்டும் கேமராவை வைக்காதீர்கள். நம் ஊர் அக்கினி வெயில் கார்டை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும்.

காட்பாடி வாசகி:
என் தங்கை நடைபாதைக் கடையில் மலிவாக 256 ஜிபி பென்டிரைவ் வாங்கினாள். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன, பாதிப் படங்கள் திறக்கவில்லை. உள்ளே இருந்தது 32 ஜிபி சில்லு. கட்டுப்பாட்டுச் சில்லில் பொய்க் கணக்கு எழுதி 256 என்று சொல்ல வைத்திருக்கிறார்கள்! நிறைந்த பிறகு வருவதெல்லாம் காற்றில் போகிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தன. இப்போது எது வாங்கினாலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே பயன்படுத்துகிறோம். ஒரு சந்தேகம்: நல்ல பென்டிரைவில் திருமண வீடியோவைப் போட்டுப் பீரோவில் வைத்துவிடலாமா?

குடியாத்தம் நிழற்படக்காரர்:
வேண்டாம் அம்மா. ஃபிளாஷில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மெல்லக் கசியும். தேய்ந்த கார்டில் இன்னும் வேகமாக. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, உறவினர் வீட்டில் இன்னொரு பிரதி வையுங்கள். என்னிடம் வரும் மணமக்களுக்கும் பென்டிரைவைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.