வம்சாவளி நோட்டில் பெயரில்லாத ஒரு பெண்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா 1950களில் கணக்கு நோட்டில் எழுதிவைத்த வம்சாவளியைக் கணினியில் ஏற்றி வருகிறேன். தாத்தாவின் தம்பிகளுக்கு நிலம், உத்தியோகம், பிள்ளைகள் என்று ஆளுக்கு அரைப் பக்கம் இருக்க, அவருடைய அக்காவுக்கோ பெயர்கூட இல்லாமல், ‘கலியாணம் ஆகாதவள், வாய்த்துடுக்கு, சந்ததி இல்லை’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்தத் தம்பிகளை வளர்த்ததே இந்த அக்காதான் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். (இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில்கூட மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற சொல் 2005 வரை நீடித்தது.) அவ்வரியை நீக்க எனக்கு மனமில்லை, அப்படியே வைத்து அடிக்குறிப்பு சேர்க்க நினைக்கிறேன். இத்தகைய பணியில் அனுபவமுள்ளவர்கள், அக்குறிப்பை எவ்வாறு எழுதினீர்கள் என்பதையும், அவர் பெயரைக் கண்டறிய பழைய நிலப் பத்திரங்கள், இறப்புப் பதிவேடு தவிர வேறு எங்கு தேடலாம் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.