ஏழு எழுத்து, 'டி'யில் தொடங்கி 'ஓ'வில் முடியும் ரோமானிய முற்றுகைக் கருவி எது?

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலக் குறுக்கெழுத்து ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லத்தீன் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

குறிப்பு இதுதான்: 'மதிலை வெல்ல ரோமர் நம்பியது'. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் விழுந்துவிட்டன. நடுவில் வெட்டும் சொற்கள் எதுவும் பிடிபடவில்லை. சிக்கல் என்னவென்றால், எனக்குத் தெரிந்து இரண்டு சொல் பொருந்துகின்றன.

ஒன்று 'டெஸ்டூடோ', அதாவது ஆமை. தலைக்கு மேல் கேடயம் அடுக்கி நகரும் அணிக்கும் அதே பெயர், மதில் இடிக்கும் ஆட்களைக் காக்கும் சக்கரக் கூரைக்கும் அதே பெயர்.

இன்னொன்று 'டொல்லேனோ'. நம் ஊர் ஏற்றம் மாதிரிதான்: நட்ட மரத்தின் உச்சியில் நீளமான குறுக்கு மரம், ஒரு முனையில் ஆட்கள் நிற்கும் பெட்டி. மறுமுனையைக் கயிறு கட்டி இழுத்தால் வீரர்கள் நேரே மதில்மேல் இறங்குவார்கள். ரோமானியப் போர்க்கலை எழுத்தாளர் வெஜீஷியஸ் இதை விவரித்திருக்கிறார். என் மனசு இதன் பக்கம்தான் சாய்கிறது.

பக்கத்திலேயே நாலெழுத்தில் 'மதில் இடிக்கும் பறவை' என்று ஒரு குறிப்பு. மூன்றாவது எழுத்து 'யு'. அதற்கு 'க்ரூஸ்' என்று போட்டுவிட்டேன், கொக்கு வகைப் பறவை. மதில் இடிக்கும் காக்கைப் பொறியைச் சிலர் 'க்ரூஸ்' என்பார்கள் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் எழுதியிருப்பதால் துணிச்சல். (மிருகக்காட்சிசாலையையே போருக்கு அனுப்பியிருக்கிறார்கள் போல!)

முதல் குறிப்புக்கு எதைப் போடுவீர்கள்? மூன்றாவதாக ஏதாவது சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.